சோறு போட்டு வாங்கிய பேச்சு

சத்துணவு அமைப்பாளர் வேலையில் சோறு வேகிற நேரத்தைவிட, அந்தச் சோற்றை ஏன் போடுகிறோம் என்று பதில் சொல்கிற நேரம்தான் அதிகம்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். எல்லாரும் கூப்பிடுவது 'சத்துணவு டீச்சர்' என்றுதான். கூட இருப்பவர் சமையலர் தேசம்மாக்கா. உங்களில் யாராவது பிள்ளைகள் வரிசையின் முன்னால் கரண்டியோடு நின்றவராக இருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

நோட்டு கொடுக்க வந்தவர்

பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க ஒரு பெரிய மனிதர் காரில் வந்தார். சாப்பாட்டு வரிசையைப் பார்த்துவிட்டு, "பெத்துக்கத் தெரியுது, சோறு போடத் தெரியாதா? சோம்பேறி ஜனங்க" என்று பிள்ளைகள் காதுபடவே சொன்னார். நாலாம் வகுப்பு யாழினி தட்டைக் கீழே இறக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள். நான் கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். தலைமையாசிரியர் கண்ணாலேயே 'சும்மா இரு' என்றார். இருந்தேன். அதற்காக இன்னும் என்மேலேயே எனக்குக் கோபம்.

யாழினியின் அம்மா சுகந்திக்கு இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அன்றைக்கு ஆதார் வேலையாக லீவு போட்டுப் பள்ளிக்கு வந்திருந்தவள், அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டாள். மகளைக் கையைப் பிடித்து மறுபடி வரிசையில் நிறுத்திவிட்டு, நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"காத்தால அஞ்சு மணிக்கு வேன் ஏறுறேன் சார். நான் உரிக்கிற இறாலு உன்ன மாதிரி ஆளுங்க வூட்டுக்குத்தான் போவுது. என் பொண்ணு இங்க துன்னுது. நீ இன்னாத்துக்கு சார் கூவிகினு கீற?"

திங்கட்கிழமை

ஆய்வுக்கு வந்த அதிகாரி, திங்கட்கிழமை மட்டும் பாத்திரம் அடிவரை காலியாவதைப் பார்த்துவிட்டு, "வெஜிடபிள் பிரியாணின்னா பசங்க ஒரு கட்டு கட்டுறாங்க போல" என்று சிரித்தார். தேசம்மாக்கா சிரிக்கவில்லை.

"பிரியாணிக்காக இல்ல சார். சனி, ஞாயிறு ஸ்கூல் இல்ல."

முட்டை

ஏழாம் வகுப்பு பவித்ராவின் பையில் நாற்றம் அடிக்கிறது என்று பிள்ளைகள் புகார் சொன்னார்கள். திறந்து பார்த்தால், முந்தின நாள் மத்தியானம் கொடுத்த முட்டை. "வேண்டாம்னா வாங்காதே, ஏன் வீணாக்குறே?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் தனியாக வந்து சொன்னாள். தினமும் மூன்று வயசுத் தம்பிக்கு எடுத்துப் போவாளாம். நேற்று அவன் காய்ச்சலில் சாப்பிடவில்லையாம். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வருமானம் இல்லாத மனிதர் இல்லை. எல்லாம் டாஸ்மாக்கில் போகிறது. மறுநாளே தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தேன். பவித்ராவிடம் மன்னிப்பும் கேட்டேன். அதோடு விட மனசில்லை. அவள் வீட்டுக்கே போய், "பெத்த பிள்ளைக்கு ஒரு வேளை சோறு போட உனக்குத் துப்பில்லையா?" என்று அந்த ஆளைத் தெருவே பார்க்கக் கேட்டேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்ன பதில் இது.

"அதான் கவர்மென்ட்டு போடுதே, அப்பால எனக்கு இன்னா வேல?"

மழை லீவு

மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கு நாலு நாள் லீவு. ஸ்டோர் ரூமில் அரிசியும் பருப்பும் இருந்தன. கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு நாலு நாளாக வேலையில்லை, வீட்டுக்குள் அடுப்பு மூழ்கிக் கிடந்தது. ஆபீசுக்கு போன் போட்டேன். "லீவு நாள்ல சமைக்கணும்னா ஆர்டர் வரணும்" என்றார்கள். ஆர்டர் வரவில்லை. தேசம்மாக்காவும் நானும் அடுப்பைப் பற்றவைத்தோம்.

தண்ணீர் வடிந்த மறுநாளே விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பயத்திலும் கோபத்திலும் மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். கடைசியில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தேசம்மாக்கா சொன்னதைத்தான் அப்படியே எழுதி அனுப்பினேன். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அந்தப் பதிலுக்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

"எழுது டீச்சரு. லீவு ஸ்கூலுக்குத்தான் வுட்டீங்க, பசங்க வவுத்துக்கு வுடலன்னு எழுது."

பசித்த பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று எல்லாரும் பேசி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிடும் என்பதால், நாங்கள் மணி அடித்ததும் பரிமாறிவிடுகிறோம்.