நான்கு நாள் ஆற்றில் யோகேஸ்வரி

வைப்பாறு ஆண்டில் சில நாட்கள்தான் ஆறு. மற்ற நாட்களில் அது ஆடுகளுக்கு மேய்ச்சல், வண்டிகளுக்குக் குறுக்குவழி. அதில் செடி தேடி ஒருவர் இறங்குவார் என்று கரையோரக்காரர்கள் யாரும் நினைத்ததில்லை.

யோகேஸ்வரி இறங்கினார். எம். புதுப்பட்டிக்காரர். அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டியவர். அந்தத் தெருவில் தாவரவியல் ஆராய்ச்சிக்குப் போன முதல் பெண் இவர்தான். இவர் தேடியது பாறையில் பாசிபோல ஒட்டிக்கிடக்கும் ஒரு செடியை. ஓடும் நீருக்கடியில் வளரும். நீர் வடிந்து பாறை தலைகாட்டியதும் அவசரமாகப் பூத்துக் காய்த்து, ஓரிரு நாளில் கருகிவிடும். மலை ஓடைகளில் உண்டு. சமவெளியில் அதை எடுத்துக் காட்டியவர் இல்லை. அச்சங்குளம் பக்கம் ஆற்றின் நடுப்பாறையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் இலை மட்டும் கிடைத்தது. இலையை வைத்துப் பெயர் சொல்ல முடியாது, காய் வேண்டும் என்றார்கள் துறையில். நியாயம்தான். போன ஆண்டு மழையே இல்லை. ஆய்வேட்டை டிசம்பரில் கொடுக்க வேண்டும். இந்த நவம்பரில் காய் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் மூன்றாண்டு உழைப்பில் பாதி வீண்.

துறைத்தலைவர் ராஜபாண்டியன் நியாயமில்லாத ஒன்றையும் சொன்னார். வெள்ள நாளில் பெண்கள் ஆண் துணையோடுதான் ஆற்றுக்குப் போக வேண்டுமாம். துணைக்கு அவர் ஒதுக்கிய அலுவலக உதவியாளருக்கு நீச்சல் தெரியாது. யோகேஸ்வரியும் சக ஆய்வாளர் அழகுமீனாவும் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள். வெள்ளத்துக்கு ஆண் பெண் தெரியாது; அந்த மூடத்தனம் மனிதர்களுக்கு மட்டுமே வாய்த்தது. இருவரும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினார்கள்.

மழை விட்ட மூன்றாம் நாள், நல்ல வெயில். ஆற்றுக்குப் போகும் பாதை ஒரு பட்டாசுக் கம்பெனியின் பின்வேலியை ஒட்டிப் போனது. வழக்கப்படி தரையில் சதுரமாகக் கயிறு போட்டு, உள்ளே என்னென்ன செடி, எத்தனை என்று எண்ணி நோட்டில் குறித்தார்கள். பட்டாசு ஊரில் வேலியோரம் நின்று எண்ணி எண்ணி எழுதும் பெண்களை யாரென்று நினைப்பார்கள்? ஐந்து நிமிடத்தில் போர்மேன் செல்லப்பாண்டி கலர் சோடாவும் முறுக்குமாக வந்து நின்றார். ஆபீஸரம்மாக்கள் வெயிலில் நிற்கலாமா, உள்ளே வந்து ரிஜிஸ்டரைப் பார்க்கலாமே என்றார்.

செடி பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். போன தடவை சோதனைக்கு வந்தவர் மாடு வாங்க வந்ததாகச் சொன்னாராம். ஆற்றுக்கு வழி கேட்டதும் சிரிப்பு நின்றது. அங்கே கன்னிமார் பாறை இருக்கிறது, பெண்கள் கால் வைத்தால் ரத்தம் கக்குவார்கள் என்றார். கன்னிமாரின் காவலில் அந்தக் கரைப்பாறையில் காய்ந்துகொண்டிருந்தவை திருட்டுத்தனமாகப் பரப்பிய சரவெடிகள். கன்னிமாரும் பெண்கள், வெடி காயவைப்பவர்களும் பெண்கள். தடை மட்டும் நோட்டு வைத்திருக்கும் பெண்களுக்கு!

வாக்குவாதத்தில் ஒரு மணி நேரம் கரைந்தது. கடைசியில் அழகுமீனா முறுக்கைத் தின்று முடித்தார். "கக்குனா ஒங்க கம்பெனி வாசல்லயே வந்து கக்குறோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நடுப்பாறைக்கு இடுப்பளவு நீர்தான்; இருவரும் நடந்தே போய் ஏறினார்கள். கிழக்குச் சரிவில் செடி இருந்தது. பூ முடிந்து, கடுகைவிடச் சிறிய காய்கள். யோகேஸ்வரி குப்புறப் படுத்து, கத்தியால் மெல்லச் சுரண்டித் தூக்குச்சட்டியில் போட்டார். மேற்கே மலையில் காலையிலிருந்து மழை கொட்டுவது அவருக்குத் தெரியாது. திடீரென்று இடி. உடனே கம்பெனி மணி அடித்தது.

இடி மின்னல் வேளையில் வெடிமருந்தோடு யாரும் இருக்கக் கூடாது. மணி கேட்டால் போட்டது போட்டபடி அறையை விட்டு வெளியேறி, தூரமாய்ப் போய் உட்கார வேண்டும். அந்த ஓசையில் தலைநிமிர்ந்த யோகேஸ்வரி ஆற்றைப் பார்த்தார். நீர் செம்மண் நிறத்தில் நுரைத்து, சருகுகளைச் சுருட்டிக்கொண்டு வந்தது. அழகுமீனா இறங்கிப் பார்த்தார்; கால் நிலைக்கவில்லை.

வேலையை விட்டு வெளியேறிய முப்பது பெண்கள் கரையில் நின்று இதைப் பார்த்தார்கள். செல்லப்பாண்டி என்ன செய்வதென்று போனில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு ஆண்டுகளாகச் சரம் பின்னும் மூக்கம்மாள் அவரிடம் போனார்.

"ஆபீஸரு செத்தா அதவிடப் பெரிய ஆபீஸரு வருவாக. லோடு கட்டுற கயிறு எங்கனலே இருக்கு?"

போர்மேனை அங்கே யாரும் 'லே' போட்டு அழைத்ததில்லை. கயிறு வந்தது. ஒரு முனையை வேலமரத்தில் கட்டி, மறுமுனையில் கல்லைக் கட்டி வீசினார்கள். மூன்றாம் வீச்சில் அழகுமீனா பிடித்து, அதைப் பற்றிக்கொண்டே கரை சேர்ந்தார். மறுபடி வீசியதும் யோகேஸ்வரி கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தூக்குச்சட்டியின் பிடியைப் பல்லில் கவ்வியபடி இறங்கினார். நடு ஆற்றில் வெள்ளம் அவரைப் புரட்டியது. சட்டியை விடச் சொல்லிக் கரை முழுக்கக் கத்தியது. அவர் விடவில்லை. முப்பது பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

கரையேறி இருமி முடித்ததும் சட்டியைத் திறந்து பார்த்தார். காய்கள் இருந்தன.

மூக்கம்மாள் எட்டிப் பார்த்தார். "இந்தப் பாசிக்கா சாகப் பாத்தீக?"

யோகேஸ்வரி லென்ஸை நீட்டினார். மூக்கம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "குட்டிப் புஸ்வாணம் கணக்கா இருக்கு" என்றார். அவ்வளவுதான், லென்ஸுக்கு வரிசை நின்றுவிட்டது. செல்லப்பாண்டியும் நின்றார். பார்த்து முடித்துவிட்டு, கரைப்பாறையைப் பற்றியும் எழுதுவீர்களா என்று தயங்கிக் கேட்டார்.

"எங்க அம்மாகூட வேல பாத்த ரெண்டு பேரு இப்படிக் காயவச்ச எடத்துலதான் போயிச் சேந்தாக அண்ணாச்சி" என்றார் யோகேஸ்வரி. "எழுதாம இருப்பனா?"

செல்லப்பாண்டி லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

செடியை ஒட்டும் தாளின் பெயர்ச்சீட்டில், சேகரித்தவர்கள் என்ற இடத்தில் யோகேஸ்வரி மூன்று பெயர்கள் எழுதினார். மூன்றாவது பெயருக்கு என்ன படிப்பு என்று ராஜபாண்டியன் கேட்டார். அவர் இழுத்திருக்காவிட்டால் செடியும் வந்திருக்காது, நானும் வந்திருக்க மாட்டேன் என்றார் யோகேஸ்வரி. தலைவர் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை மூக்கம்மாளுக்குப் போன் செய்து விவரம் சொன்னார்.

"வெறும் மூக்கம்மாள்னா போட்டீக? இங்கன நாலு மூக்கம்மா இருக்கோம். சு. மூக்கம்மாள்னு போடுங்க."

ஒட்டிய சீட்டைப் பக்குவமாய்ப் பிரித்தெடுத்துவிட்டு, யோகேஸ்வரி வேறு சீட்டு எழுதினார்.