ஒழுங்கை முனையில் ஒரு வேலை

கொக்குவிலில் சிவகௌரியின் வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கை தண்டவாளத்தில் போய் முட்டும். அங்குள்ள ரயில் கடவையில் கேற் இறக்கி ஏற்றும் தற்காலிக வேலையை உதயகலா பார்த்துவந்தாள். பிள்ளைப்பேற்றுக்காக அவள் வேலையை விட்டு நிற்கப்போகிறாள்.

"நீங்கள் கேட்டால் தருவினம் அக்கா," என்றாள் உதயகலா.

சிவகௌரியோ பிரதேச சபையில் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு முடித்துவிட்டுக் காத்திருந்தாள். "அது வரும். கொஞ்சம் பொறுத்திரும்," என்றான் கணவன் கோபிசங்கர்.

ஆனாலும் ஒருநாள் போய் உதயகலாவோடு கடவையடிக் கொட்டிலில் இருந்து பார்த்தாள். முந்திய கடவையிலிருந்து போன் வந்ததும் கேற்றை இறக்க வேண்டும். அன்றைக்குப் போன் வரவில்லை. உதயகலா சட்டென்று எழும்பி, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி ஓடிப்போய் இறக்கினாள். ஆட்டோ ஒன்று கேற்றில் மூக்கு முட்ட நின்றது. ரயில் போன பிறகு சிவகௌரி கேட்டாள்.

"எப்பிடியடி தெரிஞ்சது?"

"தண்டவாளம் இரையும் அக்கா. ஆனா எப்பவும் கேக்குமெண்டில்லை."

வீட்டுக்கு வந்ததும், "நான் மாட்டன்," என்றாள் சிவகௌரி. "ஒருக்கா கண்ணயர்ந்தாக் காணும். ஆரின்ரையோ பிள்ளை போயிடும்."

உதயகலா வேலையை விட்டு நின்றாள். அந்த இடத்துக்கு உடனே ஆள் வரவில்லை. கேற் மேலேயே நின்றது. சிவகௌரியின் மகள் ஆரணி பள்ளிக்கூடம் போவதும் அந்தக் கடவையைத் தாண்டித்தான். ஒரு காலை சிவகௌரி பின்னால் நடந்துபோய்ப் பார்த்தாள். ஆரணி சிநேகிதியோடு கதைத்தபடி, இடம் வலம் பாராமல் சைக்கிளில் கடந்தாள். ரயில் ஏதும் வரவில்லை. ஆனாலும் சிவகௌரி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரம் கோபிசங்கரிடம் சொன்னாள்.

"நான் அந்த வேலைக்குப் போறன்."

"பயமெண்டீர்?"

"ஓம், இப்பவும் பயந்தான். அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டு வீட்டிலை இருக்கிறது அதைவிடப் பயம்."

முதல் நாள், போன் வந்த கையோடு கேற்றை இறக்கினாள். ரயிலைக் காணவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு பெரியவர் ஏசினார். வரிசையில் நின்ற ஆரணியும், "அம்மா, திறவுங்கோவன், பெல் அடிக்கப்போகுது," என்றாள். ரயில் வந்து, அதன் கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் சிவகௌரி கேற்றை ஏற்றினாள்.

சபையிலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. ஓய்வு நாளில் வேறொருத்தி கேற்றைப் பார்க்கிறாள். அன்றைக்கும் ரயில் சத்தம் கேட்டால் சிவகௌரி அடுப்பை அணைத்துவிட்டு ஒழுங்கை முனைக்கு ஓடிப்போகிறாள்.