இலையோடு போன பிளேட்

எச்சில் விஷயத்தில் என் அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பது சாமானியமான காரியம் இல்லை. டம்ளர் உதட்டில் படக் கூடாது. பரிமாறும் கரண்டி இலையில் பட்டுவிட்டால் அந்தச் சாம்பார் அவருக்கு ஆகாது. இந்த லட்சணத்தில், ஏழு வயதில் என் கடைவாயில் இரண்டு பால் பற்கள் சொத்தையாகிப் பிடுங்க வேண்டி வந்தது.

புதுப் பல் முளைக்க மூன்று வருஷமாவது ஆகும், அதற்குள் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும், வருகிற பல் கோணிக்கொண்டுதான் நிற்கும் என்று ராயப்பேட்டை பல் டாக்டர் பயமுறுத்தினார். பஸ் சீட்டில் கர்சீப் போட்டு வைப்பதுபோல, இடம் பிடிக்க ஒரு பிளேட் செய்து கொடுத்தார். ரோஸ் நிறம், இரண்டு பக்கமும் கம்பி. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம்.

கழற்றி எங்கே வைப்பது? மேஜையில் வைத்தால் அப்பா கத்துவார். அம்மாவின் கைப்பையில் வைத்தால் பை முழுக்க எச்சில். மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அதற்கென்று டாக்டர் கொடுத்திருந்த டப்பாவை எடுத்துப்போக மறந்துவிட்டோம். எச்சிலை வைக்க உலகத்திலேயே அனுமதி உள்ள ஒரே இடம் சாப்பிடுகிற இலைதான் என்று நானே முடிவுசெய்து, அதன் ஓரத்தில் வைத்தேன். பாயசம் முடிந்ததும் சமர்த்தாக இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கை அலம்பும்போதுதான் நாக்கு காலி இடத்தைத் தடவியது. நாங்கள் ஓடிப் போவதற்குள் மேஜைக் காகிதத்தோடு எல்லா இலைகளையும் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தார்கள்.

"எங்கடி வெச்சே?"

"இலையில. எச்சலை வேற எங்கயும் வெக்கப்படாதுன்னு நீதானேப்பா சொன்னே!"

அப்பா பட்டு வேஷ்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். ஒவ்வோர் இலையாகப் பிரித்தார். ரசம் முழங்கை வரை வழிந்தது.

"இன்னா சார் தேடிக்கினு கீறே? மோதரமா?" என்றார் இலை எடுக்கிறவர்.

"கொழந்தையோட பல்லு பிளேட்டுப்பா."

எனக்கு மானம் போயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த பந்தியே முடியப்போகிற நேரத்தில், யாரோ கடித்து வைத்த வடைக்கு அடியிலிருந்து பிளேட் கிடைத்தது. அப்பா அதை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி நீட்டினார்.

"இந்தா, போட்டுக்கோ."

"சீ! எல்லாரோட எச்சலும் பட்டிருக்கு. எனக்கு வேண்டாம்."

அப்பா என்னைத் திட்டவில்லை. பிளேட்டைக் கைக்குட்டையில் சுற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு குழாயைத் திறந்து கைகளைக் கழுவினார். முழங்கை வரைக்கும் கழுவினார். மறுபடியும் சோப்பை எடுத்தார். இத்தனை நேரம் என்னத்தைக் கழுவுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஐஸ்கிரீம் தீர்ந்துவிடும், வா என்று அவர் வேஷ்டியைப் பிடித்து இழுத்தேன்.