மூடி போட்டு ஒத்து

எனக்குத் தெலுங்கு தெரியும் என்று ஊரில் ஒரு வதந்தி இருந்தது. கிளப்பிவிட்டவன் நான்தான். அதை நம்பிய ஒரே ஆளும் நான்தான். அந்த முட்டாள்தனத்துக்கு விலை கொடுத்தவன் என் மைத்துனன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. காக்களூரில் லேத் பட்டறையில் வேலை, மணவாள நகரில் குடித்தனம். என் மனைவியின் தம்பியும் எங்களோடு இருந்தான். ஃபிட்டர் படிப்பு முடித்தவன். ஒரு வருடமாக வேலையில்லை. அவன் பெண்டாட்டி ஆறு மாதக் கர்ப்பம். அப்போதுதான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆந்திர எல்லை தாண்டி சூலூர்ப்பேட்டைப் பக்கம் உறவில் ஒரு கல்யாணம். "கல்யாணத்த முடிச்சிக்கினு அங்கேர்ந்தே ரயிலு ஏறுனா கும்மிடிப்பூண்டி கிட்டடா" என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

திங்கள் விடிந்ததும் கல்யாண வீட்டுக்குப் பின்னால் இருந்த பனந்தோப்புக்குப் போனோம். மரமேறி அப்போதுதான் பானையை இறக்கி, ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். நம் பக்கம் மதுவிலக்கு. ஒளித்து விற்ற புளிச்ச கள்தான் எனக்குத் தெரியும். இது வேறு சங்கதி. பால் வெள்ளை. காதருகே பிடித்தால் சுர்ரென்று சத்தம். நாக்கில் இனிப்பு, பின்னாலேயே கோலி சோடா மாதிரி மூக்கில் ஒரு குறுகுறுப்பு. யாரும் காஸ் அடைக்கவில்லை, தானாகப் பொங்குகிறது! சீமையில் தானாக நுரைக்கிற வெள்ளை ஒயினைப் பனிக்கட்டி வாளியில் வைத்துக் கொடுப்பார்களாம். எனக்குப் பனையோலையில் கிடைத்தது. மூன்று பட்டை குடித்தேன்.

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அத்தத் தொட்டா எங்கம்மா ஊட்டுக்குள்ள சேக்காது மாமா."

பட்டறையில் பீற்றிக்கொள்ள ஒரு பாட்டில் வாங்கினேன். மரமேறி விரலை ஆட்டி, "மூத பெட்டொத்து, நைனா" என்றார்.

"இன்னா சொல்றாரு மாமா?"

"மூடி போட்டு ஒத்துன்றாரு. நல்லா அழுத்தி அடைக்கணுமாம்."

'மூடி போடாதே' என்று அவர் சொன்னது பிறகுதான் புரிந்தது. தக்கையைக் கட்டையால் தட்டி இறக்கி, மேலே கம்பியும் சுற்றினேன். லேத்காரன் கை, ஒரு சொட்டு கசியாது.

ரயிலில் போலீஸ் சோதனை இருக்கும் என்று பயம். என் முகத்தைப் பார்த்தால் எந்தப் போலீசுக்கும் பை பார்க்கத் தோன்றும். அவன் முகத்தை நம்பிக் கோயில் உண்டியலையே கொடுக்கலாம். அவன் டிக்கெட் வாங்கப் போன நேரத்தில் பாட்டிலை அவன் பைக்குள் சொருகினேன். சர்டிபிகேட்டெல்லாம் அதில்தான் இருந்தது.

ஆரம்பாக்கம் தாண்டியதும் மேல் பலகையில் 'டமார்'. பையிலிருந்து கள் அவன் தலையில் கொட்டியது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அவனுடைய வெள்ளைச் சட்டை, சர்டிபிகேட், கார்டு எல்லாம் நனைந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் குழாயடியில் அலசினோம். சட்டை காய்ந்தது, வாடை காயவில்லை. தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேன் மூக்கைச் சுளித்தார். "இன்னாபா, காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா?"

நான் முன்னால் பாய்ந்து, "அவன் குடிக்கறவன் இல்ல சார், நான் சாட்சி" என்றேன். வாயைத் திறந்ததுதான் தப்பு. உள்ளே போயிருந்த மூன்று பட்டையும் சேர்ந்து சாட்சி சொன்னது.

"ஓ, ரெண்டு பேருமா? பேஜாரு பண்ணாம கெளம்புங்க."

மறுபடி கார்டு வரவேயில்லை. குழந்தை பிறந்தபோது அவன் மீஞ்சூரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

இந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் தெலுங்கை நானே கிழிப்பேன். பை விஷயம் வந்தால் மட்டும் 'எங்க பை' என்று மழுப்பிவிடுவேன். அந்த ஒரு சொல்லில்தான் என் குற்றம் முழுவதும் ஒளிந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு விசேஷத்தில் அப்படிச் சொல்லி எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, மைத்துனன் கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"தெலுங்கு தெரியாதது தப்பில்ல மாமா. மாட்டுனா இவன் மாட்டிக்கட்டும்னுதானே என் பையில வெச்ச?"