ரசமட்டக்காரர்

குப்புறப் படுத்து, வலது கன்னத்தைத் தரையில் பதித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, பந்தயக் காரின் அடிவயிற்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், மனுஷன் மயங்கி விழுந்துவிட்டார் என்று பதறி, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்த கதை அந்தக் கார்ப் பந்தய அணியின் பட்டறையில் பிரசித்தம். தெளித்தவருக்கு நன்றி கிடைக்கவில்லை. "தரையெல்லாம் ஈரமாக்கிட்டியே, இனிமே நான் எதப் பாக்குறது?" என்று கத்தி, அவரை வைத்தே துடைக்கச் சொன்னார்.

வயது ஐம்பத்தொன்று. குள்ளம். காருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். படுத்திருக்கும்போது இவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு தொப்பை மட்டும் நுழையும். அந்தத் தொப்பையின் மேல் இப்படியும் அப்படியுமாக ஆடியபடியேதான் இருபத்திரண்டு வருஷமாக அளவு பார்க்கிறார்.

பந்தயக் கார் இன்ஜினால் ஓடுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இவரைக் கேட்டால் "இன்ஜின் எல்லாவன் கிட்டயும்தான் இருக்கு. தட்டு நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு" என்பார். பட்டறையின் நடுவில் நாலு இரும்புத் தட்டுகள், சக்கரத்துக்கு ஒன்றாக. காரை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினால், எந்தச் சக்கரம் எவ்வளவு எடை தாங்குகிறது என்று எண்கள் வரும். அந்த எண்களைப் பார்த்துத்தான் ஸ்பிரிங்கை முறுக்குவதும் தளர்த்துவதும். நாலு தட்டும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் எண்கள் எல்லாம் குப்பை. மட்டம் வைப்பது இவர் பொறுப்பு. பந்தயத்துக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இறங்குவது தட்டுகள்தாம், அவற்றோடு இவரும்.

மட்டம் பார்க்க இவரிடம் இருப்பது ஒரு ரசமட்டம். முழங்கை நீளம், இரும்பு, நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. அதற்கென்று மெத்தை வைத்த மரப்பெட்டி. கம்பெனி வாங்கிக் கொடுத்த லேசர் கருவி அலமாரியில் பிரிக்காத உறையோடு கிடக்கிறது. "லைட் அடிச்சுப் பாக்குறதுக்கு நான் என்ன டார்ச் லைட் விக்கிறவனா?" என்பார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா அளவுக் கருவிகளையும் சரிபார்க்க வெளியே அனுப்புவார்கள். ரசமட்டம் மட்டும் போகாது. "இது கம்பெனி சாமான் இல்ல, என் சொந்த சாமான். எம் பொண்டாட்டிய யாராவது செக்கிங்குக்கு அனுப்புவாங்களா?" இதை வீட்டில் ஒருமுறை பெருமையாகச் சொன்னபோது மனைவி, "அனுப்பித்தான் பாருங்களேன், திரும்பியே வரமாட்டேன்" என்றாள்.

சட்டதிட்டம் ஏராளம். தட்டின் மேல் செருப்புக் கால் படக்கூடாது. டீ கப் வைத்தவன் அன்றோடு எதிரி. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், கீழே விழுந்த அளவுக் கருவி செத்துப்போன கருவி. ஒரு மெக்கானிக்கின் கையிலிருந்து முழங்கால் உயரத்தில் நழுவிய ஒரு நல்ல கருவியை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். "விழுந்துட்டு, ஒண்ணும் ஆகலைன்னு சொல்லும். நம்பிடாத."

பட்டறைக்கு வெளியிலும் கை சும்மா இருக்காது. முடிவெட்டும் கடைக் கண்ணாடியை நிமிர்த்துவார். டாக்டர் நாடி பார்க்கும்போது சுவரில் உள்ள சான்றிதழைக் காட்டி, "டாக்டர், உங்க படிப்பு இடது பக்கம் எறங்கியிருக்கு" என்பார். வீட்டில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் காலடியில் தகடு வைத்து மட்டம் பார்த்தாயிற்று. "கட்டிலுக்கு எதுக்கு மட்டம்? நாம என்ன ரேஸுக்கா போறோம்?" என்று மனைவி கேட்டபோது நாலாவது காலுக்குத் தகடு தேடிக்கொண்டிருந்தார்.

அணி ஐந்து வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியது. மற்ற அணிக்காரர்கள் எட்டிப் பார்த்து இவருடைய தட்டுகளைத் திருட்டுத்தனமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். "எடுங்க, எடுங்க, தட்டத்தான எடுக்க முடியும், என் கண்ண எடுக்க முடியுமா?" என்று போஸ் கொடுத்தார். ஐந்தாவது கோப்பை வந்த அன்று பட்டறையே இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது.

இந்த வருஷம் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. முதல் பந்தயத்தில் ஒன்பதாம் இடம். அடுத்ததில் பதினொன்று. போன வருஷம்வரை பின்பக்கக் கண்ணாடியில் மட்டுமே பார்த்த கார்களை எல்லாம் இப்போது முதுகுப் பக்கமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். டயரைக் குறை சொன்னார்கள், மாற்றினார்கள். ஆயிலைக் குறை சொன்னார்கள், மாற்றினார்கள். பெயின்ட் கனம் அதிகம் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சுரண்டினார்கள். சொறி பிடித்த மாதிரி வந்து நின்ற கார் பத்தாம் இடம் வாங்கியது. அணியின் இரண்டாவது காரை ஓட்டியவர் முதுகுவலி என்று சொல்லிவிட்டு வேறு அணிக்குப் போனார். போன இடத்தில் வலி மறைந்து இரண்டாம் இடம் வந்தது.

மீதி இருந்த ஓட்டுநர்தான் ஐந்து கோப்பையையும் வாங்கிக் கொடுத்தவர். இளைஞர், புதிதாகக் கல்யாணம் ஆனவர். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஒரே புகாரோடு வருவார்.

"அண்ணே, இடது பக்கம் திருப்பினா வண்டி சொன்ன பேச்சு கேக்குது. வலது பக்கம் திருப்பினா யாரோ பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்கப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு."

"அது வேற யாரும் இல்ல தம்பி, உன் பொண்டாட்டிதான்" என்றார் இவர். "கல்யாணம் ஆயிடுச்சுல்ல, பயம் வந்துடுச்சு. வளைவு வந்தா வீட்டு ஞாபகம் வருது."

பட்டறை விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டுநரும் சிரித்து வைத்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அங்கேயே முடியவில்லை. லேப்டாப்பும் கையுமாக அலையும் ஆறு இன்ஜினியர்களுக்கு, தங்கள் தலையில் விழாத ஒரு காரணம் அவசரமாகத் தேவைப்பட்டது. இவர் சொன்ன கேலி அவர்களுடைய அறிக்கையில் 'ஓட்டுநரின் மனநிலை' என்ற தலைப்பில் நாலு பக்கமாக வளர்ந்தது. தோல்வி தொடங்கிய ஏழாவது மாதம், ஓட்டுநரை நீக்குவதென்று முடிவாயிற்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் இவர் வீட்டுக்கு மச்சினன் சாப்பிட வந்தான். தரைக்கு டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. "நீ ஒட்டுறது, நான் பாக்குறது, ரெண்டும் ஒண்ணாடா?" என்று இவர் எப்போதும் இளக்காரமாகவே பேசும் ஆள். அவன் உள்ளே நுழையும்போது வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டே நடந்து, சமையலறை வாசல்வரை வந்திருந்தது.

"என்னக்கா, மெஷின் எங்க கெளம்பிடுச்சு?"

"ஏழு மாசமா இப்படித்தான் நடக்குது. கேட்டா, நீ துணி ஜாஸ்தி போடுறேன்னு உங்க மாமா எம் மேலயே பழி போடுறாரு."

மச்சினன் மட்டம் பார்க்க ஏதாவது கொடு என்றான். இவர் குளித்துக்கொண்டிருந்தார். மனைவி கொஞ்சமும் யோசிக்காமல் மரப்பெட்டியைத் திறந்து ரசமட்டத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பெட்டியின் தாழ்ப்பாள் சத்தம் குளியலறைக்குள் கேட்டதும், காதில் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு மனுஷன் ஓடி வந்தார்.

மச்சினன் அதற்குள் ரசமட்டத்தை மெஷின் மேல் வைத்துவிட்டான். குமிழி நட்டநடுவில் நின்றது. "பாத்தியா? மட்டம்னா இது மட்டம்" என்றார் இவர். மச்சினன் ரசமட்டத்தை எடுத்து, இந்த முனை அந்தப் பக்கமும் அந்த முனை இந்தப் பக்கமுமாகத் திருப்பி, அதே இடத்தில் வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"மாமா, இது பொய் சொல்லுது."

"தள்ளுடா, ஒனக்கு வைக்கத் தெரியல."

இவரே வைத்தார். திருப்பி வைத்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்தார், ஜன்னல் விளிம்பில் வைத்தார், கடைசியில் தரையில் வைத்துக் கன்னத்தையும் பக்கத்தில் வைத்தார். உண்மையான மட்டமாக இருந்தால் எப்படித் திருப்பினாலும் குமிழி ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"கொத்து வேலைக்கு வர்ற மொத நாளே இத சொல்லிக் குடுத்துடுவாங்க மாமா. கடையில வாங்கும்போதே திருப்பி வச்சுத்தான் பாப்போம்" என்றான் மச்சினன். அவன் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் அதிகமாக வலித்தது.

தரையில் உட்கார்ந்த இடத்திலேயே இவருக்கு ஐந்தாவது கோப்பை வந்த நாள் ஞாபகம் வந்தது. தோளில் தூக்கியபோது, போட்டோவுக்காக ரசமட்டத்தைக் கோப்பைக்குச் சமமாக உயர்த்திப் பிடித்தார். கை நழுவியது. ஆளுயரத்துக்கும் மேலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. வேறு யார் கையிலிருந்து விழுந்திருந்தாலும் நேரே குப்பைத் தொட்டிதான். இவர் இறங்கி எடுத்து, சட்டையில் துடைத்து, "ஒனக்கு ஒண்ணும் ஆகலடா ராஜா" என்று முத்தம் கொடுத்து, பெட்டியில் படுக்க வைத்தார். அதற்கு மறுவாரம்தான் பட்டறையில் தட்டுகளைப் புதிதாக மட்டம் வைத்தார். அதே வாரம்தான் வாஷிங் மெஷினுக்கும்.

மறுநாள் ஞாயிறு காலை தனியாகப் பட்டறைக்குப் போனார். லேசர் கருவியின் உறையைப் பிரித்து, உபயோகிக்கும் முறையை எழுத்துக்கூட்டிப் படித்து, நாலு தட்டையும் பார்த்தார். முதல் தட்டில் ஆரம்பித்து, தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் குறுக்கே ஒரு நீளச் சட்டத்தைப் போட்டு, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து வட்டமாகச் சுற்றி வருவது இவர் வழக்கம். தட்டுக்குத் தட்டு ரசமட்டத்தின் பொய் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, நாலாவது தட்டு ஒரு நாணயக் கனத்துக்கு மேலே தூக்கி நின்றது. நாலாவதிலிருந்து மறுபடி முதலாவதுக்கு ஒரு தடவை மட்டம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இவர், "நான் வச்சா போதும்" என்று மூன்று தடவையோடு எழுந்துவிடுவார். அந்தப் பொய்யைப் பெட்டியில் வைத்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் தூக்கிக்கொண்டு போனதும் இவர்தான். கார் ஒரு கால் குட்டையாக ஓடியிருக்கிறது. தம்பி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

நாலாவது தட்டை இறக்கி வைக்கப் பத்து நிமிஷம் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. புது ஓட்டுநர் வருவார், கார் ஓடும், இவருடைய பேரும் பழையபடி கெடாமல் இருக்கும். ஸ்பானரைக் கையில் எடுத்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பட்டறையில சொல்லிடுவீங்கல்ல?" என்றாள் மனைவி.

"என்னத்தச் சொல்றது? இருபத்திரெண்டு வருஷம்..."

"துணி ஜாஸ்தின்னு என்னச் சொன்னீங்க, நான் சண்ட போட்டுட்டு விட்டுட்டேன். மெஷின் நடந்தா தள்ளி வச்சுக்கலாம். அந்தப் பையன் எங்க போவான்?"

திங்கட்கிழமை காலை, நீள மேஜையின் ஒரு முனையில் மேலாளர் அம்மா, பக்கவாட்டில் ஆறு லேப்டாப்புகள், மறுமுனையில் கையில் பேனாவோடு ஓட்டுநர், அவர் முன்னால் நீக்கல் உத்தரவுத் தாள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர் மேஜை மேல் ரசமட்டத்தை வைத்தார். திருப்பி வைத்தார். குமிழி ஓடியது. விழுந்தது, முத்தம் கொடுத்தது, நாலாவது தட்டு, வாஷிங் மெஷின் என்று எதையும் மறைக்காமல் கொட்டினார்.

"எங்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது..." என்று ஒரு லேப்டாப் ஆரம்பித்தது. மேலாளர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது.

"ஏழு மாசமா யாருமே தரையப் பாக்கலையா?"

"தரை எம் பொறுப்பு மேடம். வேற யாரும் பாக்கக் கூடாதுன்னு வச்சிருந்ததும் நான்தான்." ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "தம்பி, உன்னையும் சொல்லி, உன் வீட்டுக்காரம்மாவையும் சேத்துச் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சுக்க."

"அவகிட்ட நீங்களே ஃபோன் பண்ணிச் சொல்லுங்கண்ணே" என்றார் ஓட்டுநர். "ஏழு மாசமா என்னையே நான் நம்பல."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு. இந்தத் தோல்விக்கு யாராவது ஒருத்தர் வெளிய போயாகணும்கிறது அவர் உத்தரவு. இப்ப நான் என்ன பண்றது?"

இவர் மேஜையைச் சுற்றி நடந்து போனார். ஓட்டுநரின் விரல்களுக்கு நடுவில் இருந்த பேனாவை மெதுவாக உருவினார். தாளை எடுத்துக் கை எட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை.

"உன் பேரு எந்த வரில இருக்கு தம்பி?"

ஓட்டுநர் காட்டவில்லை. இவரே தேடிக் கண்டுபிடித்து, அதை ஒரே கோடாக அடித்து, மேலே தன் பெயரை எழுதி, தாளை மேலாளர் பக்கம் தள்ளினார்.