தங்கப்பாண்டியன் யாரோடு மோதினான்

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த உமர் பாருக்கின் மனைவி லத்திபா. நாற்பத்தொன்பது வயது. பதினோரு வருஷமாகச் சர்க்கரை, அதில் நான்கு வருஷமாக இன்சுலின். காலையிலும் இரவிலும் அவளுக்கு ஊசி போட்டது கணவர்தான். கம்பி சுற்றிப் பழகிய கை, நடுங்காது. நான் ரிட்டயரான நர்ஸ் என்பதால் என்னிடம் ஒரு தடவை வந்து கற்றுக்கொண்டு போனார். அதற்கப்புறம் என் உதவி தேவைப்படவில்லை.

ராத்திரி ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்குச் சாப்பாடு. புதன், வியாழன் என்றால் சாப்பாடு டி.வி. முன்னால். ‘பாட்டுக் களம்’ என்று ஒரு போட்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வாரா வாரம் எல்லோரும் பாடுவார்கள். நடுவர் மார்க்கோடு ஜனங்கள் போனில் போடுகிற ஓட்டும் சேரும். மார்க் குறைந்தவர் இன்னொருவரோடு மோத வேண்டும், தோற்றவர் வீட்டுக்கு. யாரோடு மோதுவது என்பதை மட்டும் மார்க் குறைந்தவரே சொல்லலாம்.

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கட்சி. கடமலைக்குண்டுப் பையன் தங்கப்பாண்டியன் அவருடைய ஆள். கோயம்புத்தூர் ஹேமாவதி இவளுடைய ஆள். சண்டை எங்கள் வீடு வரை கேட்கும்.

“நம்ம பக்கத்துப் பய, எம்புட்டு மரியாதையா நிக்கிறான் பாரு” என்பார் அவர்.

“நின்னா போதுமா? தொண்டையிருந்து என்ன செய்ய, புத்தி வேணாமா? இளைச்சவனா பாத்துக் கூப்பிடாம, போன வாரம் ஜெயிச்சவனப் போயி கூப்பிடுறான். ஹேமாவதியப் பாருங்க, யாருக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு மேக்கப் ரூம்லயே விசாரிச்சுட்டு வர்றா.”

“அது பாட்டுப் போட்டியா, ஆட்டுச் சந்தையா?”

இரண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில் ஒரு மத்தியானம் கடையிலேயே நெஞ்சு வலி வந்து உமர் பாருக் போய்விட்டார். மகள் முபீனா மஸ்கட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினாள். லத்திபா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்கும் வழக்கம் அது. துணைக்கு உமர் பாருக்கின் அக்கா பாஜிலா வந்து தங்கினாள். வந்ததும் முதல் வேலையாக டி.வி.யைப் போர்வை போட்டு மூடினாள்.

பாஜிலா நல்ல மனுஷி. சமையல், துணி, வருகிறவர்களைக் கவனிப்பது எல்லாம் அவள்தான். ஊசியைப் பார்த்தால் மட்டும் மயக்கம் வந்துவிடும். அதனால் ஊசி வேலை என்னிடம் வந்தது.

ஊசி போட்டுக்கொள்வாள் லத்திபா. சாப்பிட மாட்டாள். இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்னவாகும் என்பது அவளுக்கும் தெரியும். மகள் கிளம்பிய நாலாம் நாள் ராத்திரி வேர்த்துக் கொட்டி, கை வெடவெடத்து, பேச்சுக் குழறிவிட்டது. சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் குடிக்க வைத்து, தெளியும்வரை உட்கார்ந்திருந்தேன். கண் திறந்து கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டது:

“தங்கப்பாண்டி இருக்கானா, போயிட்டானா?”

எனக்கு யாரென்றே தெரியவில்லை. பாஜிலாதான் சொன்னாள், “டி.வி.ல பாடுற பய. எந்தம்பி அவனுக்கு ஓட்டுப் போட்டே போனு காசத் தீத்தான்.”

அந்தப் புதன்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுக்குத் திரும்பி, மறு ஒளிபரப்பில் அந்த நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் போய்ச் சொன்னேன்: ஆறு பேர் பாடினார்கள், ஒரு பெண்ணுக்குச் சளி, தங்கப்பாண்டியன் தேறிவிட்டான்.

லத்திபா என்னையே பார்த்தாள். “நர்சம்மா, டூட்டி மாத்திவிடுறப்ப வாசிப்பீகளே, அந்தச் சீட்டா இது?”

“வேற எப்படிச் சொல்றது?”

“மார்க்குச் சொல்றப்ப ஹேமாவதி யாரப் பாத்தா? அதச் சொல்லுங்க.”

நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். பாட்டு முடிந்ததும் நடுவர் பேனாவைக் கீழே வைத்தால் மார்க் உண்டு. மார்க் வருமுன்னே அழுகிறவர் அந்த வாரம் போகமாட்டார், ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். எல்லோரையும் கட்டிப்பிடிக்கிறவரை நம்பக்கூடாது.

இட்லித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நோட்டைத் திறப்பேன். தட்டில் கை நின்றால் நானும் நிறுத்துவேன். ஒரு இட்லிக்கு ஒரு பாட்டு. இரண்டு நாள் நிகழ்ச்சியை ஆறு நாளைக்குப் பிரித்து வைத்தேன்.

“வெளம்பரம் கூட இம்புட்டு நேரம் போடமாட்டாக” என்பாள். ஆனால் தட்டு காலியாகும்.

பாஜிலா வாசற்படியில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி இருப்பாள். கேட்காதவள் போலத்தான் இருப்பாள். நான் தங்கப்பாண்டியன் கட்டத்தைத் தாண்டிப் போனால் மட்டும், “அங்கன ஒண்ண விட்டுட்டீக, நேத்து அவனுக்குக் காச்சல்னு சொன்னீகளே” என்பாள்.

அக்டோபரில் மதுரையில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதன்பிறகு இரண்டு வாரம் மகன் வீட்டில் இருக்க வேண்டும். அதற்குள் லத்திபா தன் கையால் ஊசி போடப் பழகியாக வேண்டும். மருந்தை உறிஞ்சுவது, காற்றைத் தட்டி வெளியேற்றுவது, வயிற்றுத் தோலைப் பிடித்து நேராகக் குத்துவது எல்லாம் காட்டினேன். எலுமிச்சம்பழத்தில் தண்ணீரைக் குத்திப் பார்க்கச் சொன்னேன். அவள் கையை நீட்டவே இல்லை.

“முபீனா அத்தா போட்டாக. இப்ப நீங்க போடுறீக. எனக்கு எதுக்கு அது?”

“நான் ஊருக்குப் போறேன்ல?”

“வேற நர்சம்மா இல்லாமலா போச்சு ஊர்ல?”

தினம் இரண்டு வேளை வந்து, ஊசி போட்டு, சாப்பிட வைத்துவிட்டுப் போகிற ஆள் யாரும் கிடைக்கவில்லை. நான் போக ஒன்பது நாள் இருந்தது.

அந்த வாரம் தங்கப்பாண்டியன் தோற்றுவிட்டான்.

மார்க் குறைந்தது அவனுக்குத்தான். எதிரே மூன்று பேர் நின்றார்கள். ஒருவனுக்குத் தொண்டை கட்டி, குரலே எழும்பவில்லை. அவனைக் கூப்பிட்டிருந்தால் முடிந்தது. இவன் ஹேமாவதியைக் கூப்பிட்டான், தோற்றான், எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், சொல்லக்கூடாது என்று. பதினாலு யூனிட் ஊசியைப் போட்டேன். தட்டைக் கையில் கொடுத்தேன். நோட்டைத் திறந்து, அதில் இல்லாததை வாசித்தேன். தங்கப்பாண்டியன் தொண்டை கட்டின பையனைக் கூப்பிட்டான், ஜெயித்தான்.

லத்திபாவின் கை நின்றது.

“யாரக் கூப்பிட்டான்?”

திரும்பச் சொன்னேன்.

“அவன் கூப்பிட மாட்டான்.”

“ஏன் மாட்டான்? நீயே சொல்லிக்கிட்டு இருந்தியே, இளைச்சவனா பாத்துக் கூப்பிடணும்னு.”

“அதத்தான் நானும் சொல்றேன். அது எம் புத்தி. அத எடுத்து அவன் வாயில வச்சுப் பேசுறீக. அவன் நோயாளியக் கூப்பிடுற ஆளா இருந்தா முபீனா அத்தா அவன் பின்னாடியே போயிருப்பாகளா?” தட்டைக் கீழே வைத்தாள். “போயிட்டான்ல?”

நான் நோட்டை மூடிவிட்டுத் தலையாட்டினேன்.

“அன்னிக்கும் இப்பிடித்தான்” என்றாள். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவுக ரெண்டு மணி நேரம் போன்ல சொல்லிக்கிட்டே இருந்தாக. டிரிப்ஸ் ஏறுது, பேசுறாக, ஒண்ணும் இல்லன்னாக. நான் கஞ்சி காய்ச்சி, தூக்குல ஊத்தி, செருப்புப் போட்டு நிக்கிறேன். தெருவே தெரிஞ்சு வச்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது.”

அழுதாள். மகள் வந்திருந்தபோதுகூட நான் அவள் அப்படி அழுது பார்க்கவில்லை. பாஜிலா எழுந்து வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. மருந்து உள்ளே போய் முப்பத்தைந்து நிமிஷம். தட்டில் மூன்று இட்லியும் அப்படியே இருந்தன. சாப்பிட வைக்கத்தான் பொய் சொன்னேன், அந்தப் பொய்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டது. இனி சமாளித்துப் பயனில்லை.

“தப்பு என்னுது” என்றேன். “நடந்ததச் சொல்றேன். நீ ஒரு வாய் வச்சா ஒரு வரி.”

அவள் எடுக்கவில்லை. பாஜிலா பிட்டு ஊட்டினாள். வாயைத் திறந்தாள்.

நோட்டில் இருந்ததை இருந்தபடி வாசித்தேன். மூன்று பேர் எங்கே நின்றார்கள், தொண்டை கட்டினவன் எப்படித் தலையைக் குனிந்துகொண்டான், தங்கப்பாண்டியன் அவன் முன்னால் நின்று என்ன செய்தான் என்று.

“என்ன செஞ்சான்?”

“மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடிங்கண்ணேன்னான். அப்புறம் ஹேமாவதி பக்கம் திரும்பி, ஒங்ககூடப் பாடணும்னு முத வாரத்துலருந்து ஆசைன்னான்.”

“ஹேமாவதி மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“சிரிக்கல. பயந்த மாதிரி இருந்துச்சு.”

“இருக்கும். அவளுக்கு அது விளங்காத கணக்கு.” இப்போது அவளே பிட்டு எடுத்தாள். “கிறுக்குப் பய. முபீனா அத்தா இருந்தா எந்திருச்சு நின்னு கை தட்டியிருப்பாக. நான் திட்டியிருப்பேன்.”

“இப்பத் திட்டு.”

“மனசு வரல.”

“எந்தம்பி ஓட்டு இல்லாமத்தான் பய போயிட்டான்” என்றாள் பாஜிலா.

மூன்றும் முடிந்தது. நான் இன்னொரு இட்லி வைத்தேன், அதுவும் போனது. ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தேன், பரவாயில்லை. கிளம்பும்போது லத்திபா, “நர்சம்மா, காலையில ஊசிய எங்கிட்டக் குடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“நீங்க நாளைக்குத் தண்ணிய ஏத்திட்டு மருந்துன்னு சொன்னாலும் சொல்லுவீக. இனி நானே பாத்துக்கிறேன்.”

நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

முதல் தடவை ஊசி தோலில் பட்டதும் கையை எடுத்துவிட்டாள். இரண்டாம் தடவை கோணலாகக் குத்தி ரத்தம் வந்தது. பாஜிலா சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “முடிஞ்சுச்சா, முடிஞ்சுச்சா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள், ஊசியை வெளிச்சத்தில் பிடித்து, கோட்டைப் பார்த்து, காற்றைத் தட்டிவிட்டு, நேராகப் போட்டாள். அன்றைக்கு நான் நாற்காலியிலிருந்து எழவே இல்லை.

ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி ஒரு கண்ணில் கட்டோடு மதுரையில் படுத்திருந்தேன். எட்டு மணி தாண்டி மகன் போனைக் காதில் வைத்தான்.

“போட்டாச்சு” என்றாள் லத்திபா. “பதினாலு. கோதும தோச, பாசிப்பருப்புத் தொவையலு. ரெண்டாவது தோச ஓடுது. அக்கா பக்கத்துலதான் இருக்காக, சந்தேகம்னா கேட்டுக்கங்க.”

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் மெல்லுகிற சத்தம் போனில் வந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.