சன்னாசி கதை சொன்ன மூன்றாம் பாகம்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் விண்வெளிப் படத்துக்குத் தமிழில் கதை சொன்ன ஒரே ஆள் சன்னாசி. இளவயதில் துரை பங்களாவில் சமையலுக்கு உதவியாக இருந்தவர். பாதி இங்கிலீஷ் புரியும், மீதியை அவரே போட்டுக்கொள்வார். ஞாயிறு மத்தியானம், பக்கத்து ஊர் லுக்குட்டில் வாடகைக்கு எடுத்த வீடியோ டேப்பைத் தோட்டத்து மண்டபத்தில் போடுவார்கள். டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார். வாயில் நுழையாத பெயர்களை மாற்றிவிடுவார். விண்கப்பல் கேப்டன் எங்களுக்கு வைரவன், அவன் மனைவி செவ்வந்தி.

எண்பத்து மூன்றில் இரண்டாம் பாகம் போட்டார்கள். செவ்வந்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்த இடத்தில் டேப் சிக்கிக்கொண்டது. கொஞ்சம் தள்ளிப் போட்டபோது கேப்டன் அழுதுகொண்டிருந்தான். "செவ்வந்தி செத்துட்டா" என்று சொல்லிவிட்டார் சன்னாசி. மண்டபமே மூக்கைச் சிந்தியது. அந்த வருடக் கடைசியில் அவர் மனைவி, பஞ்சாலை என்று பேர், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள்.

அதோடு மனுஷன் ஓய்ந்துபோனார். விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டு, பால் எடுக்க மரம் வெட்டு, அந்தப் பால் நிறுவை, வீடு. பேசவே அலுப்பு. பஞ்சாலையின் தங்கை மாரியம்மாவைக் கட்டிவைக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசினார்கள். எங்கள் ஜனத்தில் அதுதானே வழக்கம். சன்னாசி தலையாட்டிவிட்டார். மாரியம்மாதான் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் சொல்லப்போகும் பதிலைத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி, எனக்குத் தெரியாதா?

எண்பத்தைந்தில் மூன்றாம் பாகம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, கப்பல்கள் அபாரம். நெருப்புக் கிரகம் வெடித்தபோது பெஞ்சே அதிர்ந்தது. ஆனால் கதையா அது? இரண்டு முறை செத்த வில்லன் மறுபடியும் வருகிறான். மூன்று படத்திலும் ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதைவிட மோசம், கண்ணாடிப் பெட்டியைத் திறந்துகொண்டு செவ்வந்தி எழுந்து வந்துவிட்டாள்.

"செத்தவ எப்படிலா வந்தா?" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி கத்தினார்.

தப்பாகச் சொல்லிவிட்டேன், அவள் சாகவில்லை என்று சன்னாசி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடியவில்லை. செத்தவர்கள் இப்படிச் சுலபமாக எழுந்து வருவதைப் பார்க்க எனக்கே ஆத்திரமாக இருந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்! கடைசியில் களைத்த குரலில் சொன்னார்: "இது அவ இல்ல. தங்கச்சி. அக்கா போயிட்டதால இவளக் கட்டிவைக்கிறாங்க."

"அப்படிச் சொல்லு, முறைதானே" என்று மண்டபம் அடங்கியது. சிலர் மாரியம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

படம் முடிந்து அவர் டேப்பை உறையில் போடும்போது மாரியம்மா பக்கத்தில் வந்து நின்றாள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அக்காவுக்குப் பேரு வெச்சீங்க. தங்கச்சிக்கு வெக்கலயே."

"மறந்துட்டேன்லா."

"கடைசி வரைக்கும் அவளையும் செவ்வந்தின்னுதான் கூப்பிட்டீங்க. என்னையும் ரெண்டு வருஷமா அக்கா பேரச் சொல்லித்தான் கூப்பிடுறீங்க. என் பேரு தெரியுமா மாமா?"

சன்னாசி பதறிப்போய் எழுந்தார். "அப்படியெல்லாம் இல்ல, பஞ்சாலை..." என்றார்.

 மாரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வீட்டுக்கும் அவள் பதில் அன்றைக்குத் தெரிந்துவிட்டது.